எவ்வகைச் சன்னம்?

'சன்னம் பாய்ந்து பலி' என்று பத்திரிகைகளில் எத்தனையோ தடவைகள் எழுதியிருக்கிறேன். எவ்வகைச் சன்னம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஈயக் கருவைச் செப்பு உறையுள் இட்டு, உருக்காமல், அச்சில் அழுத்தி உருவாக்குவதே உறையிட்ட சன்னம். 1882இல் சுவிற்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் இதனை உருவாக்கினார். குழலுள் ஈயம் படியாது காப்பது உறையின் வேலை. 1890களில், கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலத் தொழிற்சாலையில் பிரித்தானியர் நுனியில் அவ்வுறையை நீக்கினர். உடலுள் விரிந்து சிதைக்கும் சன்னம் பிறந்தது.

1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் அதனைத் தடைசெய்தது. ஆனால், ஒப்பமிட்ட நாடுகள் தமக்குள் புரியும் போருக்கே அத்தடை. குடியேற்ற நாட்டு மக்கள் கணக்கில் இல்லை. உள்நாட்டுப் போர்களிலும் அது போர்க்குற்றம் என ரோம் சாசனம் திருத்தப்பட்டது 2010இலேதான்.

பல நாடுகளின் பொலிஸார் இன்றும் விரியும் சன்னங்களையே பயன்படுத்துகின்றனர். அவை உடலைத் துளைத்து அப்பால் நிற்பவரைத் தாக்குவது குறைவு என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. ஆயினும், எதிரிப் படையினன்மீது பாயக்கூடாதது சொந்தக் குடிமகன்மீது பாயலாமா?

மரணச் செய்தி எழுதும் இளைய நண்பர்களே, நான் கேட்கத் தவறியதை நீங்களாவது கேளுங்கள்.