பொறியைக் காட்டுவோர் புண்ணையும் காட்டுக!

போர் வாகனங்கள் இயங்கும் விதத்தைச் சிறுவர்க்கு விளக்கும் படநூல்கள் மேல்நாடுகளில் மலிந்துள்ளன. தாங்கியை நடுவே பிளந்தாற்போல் வரைந்து, இயந்திரம் இது, பீரங்கி இது என்று காட்டுகின்றன. அறிவு வளர்க்கும் நூல்களை நாம் வெறுப்பவரல்லேம். ஆயின், அறிவு பாதியிலே நின்றுவிடலாமோ?

தாங்கியின் பிறப்பையே பாருங்கள். கலிபோர்னியாவின் சதுப்பு நிலத்தில் உழவு இயந்திரம் புதையாதிருக்கும்பொருட்டு, 1904ஆம் ஆண்டில் பெஞ்சமின் ஹோல்ற் என்பார் பின்சில்லுகளை அகற்றிச் சங்கிலிப்பட்டையைப் பூட்டினார். பாரம் பரந்து விழுந்தது, இயந்திரம் புதையவில்லை. பிரித்தானியரின் முதல் தாங்கிக்கும் இதுவே தத்துவம். அதனை முதன்முதல் கட்டியதும் லிங்கன் நகரில் உழவுப் பொறிகள் செய்துவந்த தொழிற்சாலையே. இரகசியம் காப்பதற்காகத் தண்ணீர்த் தாங்கி போலப் பெயரிட்டனர், பெயர் நிலைத்துவிட்டது. 1916 செப்டெம்பர் 15ஆம் நாள், பிரான்சின் சொம் போர்க்களத்தில் அது இறங்கிற்று. உள்ளே எண்மர், அவர்கள் நடுவிலேயே இயந்திரம். வெப்பமும் நச்சுப்புகையும் அவர்களை வாட்டின.

இவற்றையும் சிறுவர் அறியவேண்டாமா? ஸ்ரீபன் பீஸ்ரி ஓவியம் வரைந்து 1993இல் வெளிவந்த போர்க்கப்பல் நூல், பீரங்கித் தட்டுகளோடு, காயமுற்றவனின் உறுப்பை வைத்தியர் அறுக்கும் இடத்தையும் காட்டுகின்றது. அதுவே நேர்மை. அந்நூலைப் படித்த பிள்ளையின் அறிவு குறைந்துவிடவில்லை, நிறைவுற்றது.

குண்டு புறப்படும் வாயை வரைபவர், அது விழும் இடத்தையும் வரைதல் வேண்டும். உழவனுக்கென்று பிறந்த பட்டை உழவனின் வயலையே நசுக்கிய வரலாற்றைப் பிள்ளைகளுக்கு மறைப்பது கல்வியாகாது. நூல் வாங்கும் பெற்றோரும் ஆசிரியரும் இதனைச் சிந்திப்பார்களாக.