தாயிடம் திரும்புதல்

இவ்வாண்டு நம் கல்லூரிப் பட்டிமன்றத்தில், “விடுதலை உள்ளத்திலா, உலகத்திலா?” என்று வாதிட்டோம். ‘உள்ளத்திலே’ என்ற அணி வென்றது. தோற்ற அணியில் நின்றவன் நான். மணி அடித்துவிட்டதால் மேடையில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்ல விழைகின்றேன்.

வென்ற அணியினரின் பேராயுதம் எபிக்டெட்டஸ். கி.பி. 50-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியிலுள்ள ஹியராபொலிஸில் அடிமையாகப் பிறந்தவர். உரோமில் அவரை உடைமையாக வைத்திருந்த எபாஃப்ரொடிட்டஸும் நீரோ மன்னனின் முன்னாள் அடிமையே! காலுக்கு விலங்கிடலாம், மன உறுதிக்கு விலங்கிட எவராலும் இயலாது என்பது எபிக்டெட்டஸின் போதனை. உயர்ந்த கருத்துத்தான். ஆனால் நண்பர்களே, இக்கருத்தால் அடிமை வைத்திருந்த எவனுக்கும் ஒரு காசு நட்டமுண்டா?

நம் நாட்டிலும் இம்முரண் உண்டு. மனத்தடைகள் நீங்குவதைக் கடன் தீர்ந்தவனின் நிம்மதிக்கும், விடுதலை பெற்ற அடிமையின் மகிழ்ச்சிக்கும் உவமித்தது சாமஞ்ஞபல சுத்தம் என்னும் பாலி நூல். பௌத்த சங்கத்தின் விநய விதிகளோ, அடிமைக்கும் கடனாளிக்கும் துறவு அளிக்கலாகாது என்றன. உடைமையாளரின் பகையைத் தேடிக்கொண்டு சங்கம் நிலைத்திருக்குமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமே. இருப்பினும், உவமைக்கு வேண்டியிருந்த அடிமை வாயிலுக்குள் வேண்டப்படவில்லை என்பது என் நெஞ்சை உறுத்துகிறது.

இனி என் பக்கம். இன்றைய ஈராக்கின் தென்பகுதியில், கி.மு. 24-ஆம் நூற்றாண்டில், லகாஷ் நகரை ஆண்ட உருஇனிம்கினா, கடனுக்காகச் சிறைப்பட்டிருந்த குடிமக்களை விடுவித்தான். அத்தகைய விடுவிப்புக்குச் சுமேரியர் இட்ட பெயர் ‘அமர்கி’. சொல்லுக்குச் சொல் பொருள் கூறின், ‘தாயிடம் திரும்புதல்’! அதில் தத்துவம் ஏதுமில்லை. கடனுக்குப் போன பிள்ளை வீடு வந்து சேர்ந்தது, அவ்வளவே. (‘விடு’ என்பதிலிருந்து பிறந்த நம் ‘வீடு’ என்ற சொல்லும் முத்தியையும் குறிக்கிறது, குடியிருக்கும் மனையையும் குறிக்கிறது. மேடையில் இதை மறந்தேனே!) பின்னர் கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் ஹம்முராபியின் 117-ஆம் சட்டம், கடனுக்காக விற்கப்பட்ட மனைவி மக்கள் மூன்றாண்டு உழைத்தபின் நான்காம் ஆண்டில் விடுதலை பெற வழி செய்தது.

தப்பியோடிய அடிமையை ஒளித்து வைத்தவனுக்கு அதே ஹம்முராபி மரண தண்டனை விதித்ததை நான் மறைக்கவில்லை. எல்லா அடிமைகளுக்கும் தாய்வீட்டு வாயில் திறந்துவிடவில்லை. ஆயினும், தந்தையின் கடனுக்காக விற்கப்பட்ட ஒரு சிறுமியிடம் போய், “உன் மனம் சுதந்திரமானது, மகளே” என்று கூறும் துணிவு எனக்கில்லை. நான்காம் ஆண்டு எப்போது பிறக்கும் என்றுதான் அவள் கேட்பாள்.

அடுத்த ஆண்டும் இதே தலைப்பு வந்தால், தோற்ற அணியிலேயே எனக்கு இடம் ஒதுக்குமாறு தமிழ்த்துறை ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்.