பள்ளியின் சாதனைப் பட்டியலில் உங்கள் மகன் எங்கே?



தவணை முடிந்து பள்ளி விடுமுறை விடும் நேரத்தில், ஆண்கள் இடைநிலைப்பள்ளி ஒவ்வொன்றும் தன் செய்திகளை வெளியிடும். எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை பேர் எல்லாப் பாடங்களிலும் ஏ எடுத்தார்கள், எந்தக் குழு மாவட்டக் காற்பந்தில் கோப்பை வென்றது, யார் மாநில அளவில் ஓடினார், விவாதப் போட்டியில் யார் சிறந்த பேச்சாளர், காடெட் போலீஸ் அணிவகுப்பில் எந்தப் பள்ளி முதலிடம் என்ற செய்திகள் அதில் இருக்கும். முதல்வர் மேடையில் கை குலுக்குவார், படம் எடுப்பார்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கம் நன்றி சொல்லும்.

இதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. பரிசு பெறும் பையன்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்பா லோரி ஓட்டுநர், அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், வீட்டில் படிக்கத் தனி மேசைகூட இல்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்து மேடை ஏறும் பையனுக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும். கைதட்டுவோம்.

ஆனால் கைதட்டி முடித்தபின் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத பையன்கள் எங்கே? ஒரு படிவத்தில் பல வகுப்புகள் இருக்கின்றன. கடைசி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கும் நம் பையன்களைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரியாவது உண்டா? ஒன்றாம் படிவத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் படிவம் வரை வந்தார்கள் என்று எந்தப் பள்ளியாவது பரிசளிப்பு விழாவில் அறிவித்ததுண்டா?

நான் வழக்கறிஞர். அந்தப் பையன்களை நான் பார்க்கும் இடம் வேறு. காலை ஒன்பது மணிக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், ஊதா நிற லாக்கப் உடையில், கையில் விலங்கோடு, தடுப்புக் காவல் நீட்டிப்புக்காகக் கொண்டு வருவார்கள். "எது வரைக்கும் படிச்சே தம்பி?" என்று கேட்டால், "ஃபார்ம் த்ரீ, அண்ணே" என்பான். "ஏன் நின்னே?" என்றால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "தெரியல அண்ணே, போகல, அப்படியே விட்டுட்டாங்க."

அப்படியே விட்டுவிட்டார்கள்! பள்ளியும் விட்டது, நாமும் விட்டோம்.

ரிப்போர்ட் கார்டு என்ன சொல்கிறது?

முன்பெல்லாம் பையன் தடுமாறினால் பெற்றோருக்கு எப்படியும் தெரிந்துவிடும். பன்னிரண்டு வயதில் யூ.பி.எஸ்.ஆர்., பதினைந்து வயதில் பி.எம்.ஆர்., அதன் பிறகு பி.டி.3 என்று பொதுத் தேர்வுகள் இருந்தன. முடிவு நாளிதழில் வரும், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். 2021இல் யூ.பி.எஸ்.ஆர். நிறுத்தப்பட்டது. 2022இல் பி.டி.3 நிறுத்தப்பட்டது. சின்ன வயதில் பிள்ளைகளைத் தேர்வால் வதைக்கக் கூடாது என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் பிறகு ஐந்தாம் படிவத்தை எட்டிய பல பையன்களுக்கு, வாழ்க்கையின் முதல் பொதுத் தேர்வே எஸ்.பி.எம். ஆகிவிட்டது. பதினேழு வயதில்தான் உண்மை தெரிகிறது. அப்போது யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே பள்ளி தரும் ரிப்போர்ட் கார்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் டி.பி. என்று போட்டு 1 முதல் 6 வரை ஒரு எண் இருக்கும். மாணவன் அந்தப் பாடத்தில் எந்த நிலையை அடைந்திருக்கிறான் என்பதற்கான அளவு அது. 3 என்றால் குறைந்தபட்ச நிலையை எட்டிவிட்டான் என்று பொருள். 1 அல்லது 2 என்றால் அந்தக் குறைந்தபட்சத்தைக்கூட எட்டவில்லை. இதைத் தெரியாமல், "ஆறுக்கு ரெண்டு எடுத்திருக்கான், பரவாயில்ல" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். பரவாயில்லை அல்ல! ஒன்றாம் படிவத்தில் தேசிய மொழியில் 2 வாங்கும் பையனால் மூன்றாம் படிவத்தில் அறிவியல் புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா?

இரண்டு பாடம் போனால் சான்றிதழே போகும்

எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியில் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டும். 2013 முதல் வரலாறு, அதாவது செஜாரா பாடத்திலும் கட்டாயம் தேர்ச்சி வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் மற்றப் பாடங்களில் என்ன எடுத்திருந்தாலும் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் பல அரசாங்க வேலைகளுக்கு மனு போட முடியாது. பல கல்லூரிகளின் கதவும் மூடிவிடும்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பையனுக்கு இதில்தான் ஆபத்து அதிகம். ஆறு வருடம் தமிழில் படித்தவன், ஒரே நாளில் எல்லாப் பாடமும் மலாய்மொழியில் நடக்கும் வகுப்பில் உட்காருகிறான். அதற்காகத்தான் புகுமுக வகுப்பு என்ற ஒன்றை வைத்தார்கள். அந்த வகுப்பில் பையன் மொழியைக் கற்றானா அல்லது ஒரு வருடத்தைக் கழித்தானா என்று நாம் எத்தனை பேர் பள்ளிக்குப் போய்க் கேட்டோம்?

தவறிவிட்டாலும் உலகம் முடிந்துவிடவில்லை. மலாய்மொழிக்கும் வரலாற்றுக்கும் எஸ்.பி.எம். உலாங்கான் என்ற மறுதேர்வு இருக்கிறது. முடிவு வந்த கையோடு பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் காலம் குறுகியது. வெட்கப்பட்டு வீட்டில் படுத்துக்கொள்ளும் பையனை எழுப்பிப் பதிவு செய்ய வைப்பது பெற்றோரின் வேலை.

தமிழை ஏன் விடுகிறார்கள்?

சாதனைப் பட்டியலில் இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் பாடங்களில் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள்? பல ஆண்கள் பள்ளிகளில், தமிழ்ப் பையன்கள் நிறையப் படித்தும், தமிழ் வகுப்பு இல்லை. "ஆசிரியர் இல்லை, நேரம் இல்லை" என்பார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 2ஆம் பிரிவைப் பாருங்கள். தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ்மொழி கற்பிக்கும் வசதி செய்து தரப்பட வேண்டும் என்று அதில் இருக்கிறது. யார் தயவும் தேவையில்லை. 15 மாணவர்களின் பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் போதும். அதை முதல்வரிடம் கொடுங்கள், ஒரு நகலை மாவட்டக் கல்வி இலாகாவுக்கு அனுப்புங்கள், உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே மறுத்துவிடுவார்கள்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு நம் கண் முன்னே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2009இல் எஸ்.பி.எம். பாடங்களை 10 ஆகக் குறைக்கப் போவதாக அறிவித்தார்கள். அப்படிச் செய்தால் முதலில் அடிபடுவது தமிழும் தமிழ் இலக்கியமும்தான். நாடு முழுவதும் தமிழ் அமைப்புகளும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் குரல் கொடுத்தார்கள். கடைசியில் பத்தோடு இரண்டு, ஆக 12 பாடங்கள் எடுக்கலாம் என்று அமைச்சரவை இறங்கி வந்தது. அன்று நாம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த இரண்டு பாடமும் போயிருக்கும்.

பையனை வெளியே அனுப்பும் கடிதம்

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆண்கள் பள்ளியில் கட்டொழுங்குப் பிரச்சினை அதிகம், மறுக்கவில்லை. ஆனால் தண்டனைக்கும் சட்டம் உண்டு. 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள் பையன்களுக்கு மட்டுமே பிரம்படியை அனுமதிக்கின்றன. அதுவும் உள்ளங்கையில் அல்லது உடைக்கு மேல் பின்புறத்தில் மட்டும், லேசான பிரம்பால். கன்னத்தில் அறைவதும் வயிற்றில் குத்துவதும் சாதி, இனம் சொல்லித் திட்டுவதும் எந்த விதியிலும் இல்லை.

அடியைவிட ஆபத்தானது ஒரு தாள். பையன் அடிக்கடி மட்டம் போடுகிறான், சண்டை போடுகிறான். பெற்றோரைக் கூப்பிடுகிறார்கள். "பள்ளியே நீக்கினால் பையன் பேர் கெட்டுவிடும், நீங்களாகவே நிறுத்திக்கொள்வதாக எழுதிக் கொடுங்கள்" என்று ஒரு கடிதத்தை நீட்டுகிறார்கள். அரை நாள் சம்பளம் போகிறதே என்ற பதற்றத்தில் வந்த அம்மா, மலாய்மொழியில் எழுதியிருப்பதைச் சரியாகப் படிக்காமலே கையெழுத்திடுகிறார். அவ்வளவுதான். பள்ளி யாரையும் நீக்கவில்லை, பையனே நின்றுவிட்டான் என்று கணக்கு முடிகிறது. பள்ளியின் பெயரும் கெடவில்லை!

பெற்றோர்களே, அந்தத் தாளில் கையெழுத்திடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். பள்ளி நீக்குவதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். பையனுக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்கட்டும். எழுத்தில் வந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். நீங்களே எழுதிக் கொடுத்ததை எதிர்த்து எந்த வழக்கறிஞரும் எளிதில் வாதாட முடியாது.

2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். 2025இல் இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது. நல்லது. ஆனால் பெற்றோருக்கு மட்டும்தான் கடமையா? பையனைப் பள்ளியில் தக்க வைத்துக்கொள்ளும் கடமை பள்ளிக்கு இல்லையா? இந்தக் கேள்வியை நாம் உரக்கக் கேட்க வேண்டும்.

பத்து ஏ எடுத்தவனும் எடுக்காதவனும்

பத்து ஏ அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள் எந்த இனமானாலும் அவர்களுக்கு மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று 2024இல் அரசாங்கம் அறிவித்தது. இதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதே நேரத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு பூமிபுத்ராவுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்ற ஒதுக்கீட்டில்தான் இத்தனை காலம் நம் பிள்ளைகள் முட்டி மோதினார்கள். 2019இல் மொத்த இடத்தை 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தியபோதும் அந்த விகிதத்தை விடவில்லை. பத்து ஏ எடுத்த பையனைப் பற்றி ஊரே பேசும். ஆறு ஏ எடுத்த தோட்டத்துப் பையனுக்காக யார் பேசுவது?

படிப்பில் சுமாரான பையனுக்கும் வழி உண்டு. மூன்றாம் படிவத்துக்குப் பிறகு தொழிற்கல்லூரிக்கு, அதாவது கோலேஜ் வொகேஷனலுக்கு மனு போடலாம். வெல்டிங், மின்சாரம், வாகனப் பழுதுபார்ப்பு என்று கைத்தொழிலோடு டிப்ளோமா வரை போகலாம். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனு போடும்போது புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு புள்ளி உண்டு. எனவே பையன் ஓடிய ஓட்டத்துக்கும் அடித்த கோலுக்கும் சான்றிதழ் கேட்டு வாங்கி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். கோப்பை பள்ளிக்கூட அலமாரியில் இருக்கும், சான்றிதழ் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

இந்தப் பள்ளிகளில் நமக்கும் பங்கு உண்டு

"பெரிய பள்ளிக்கூடம், நாம் போய் என்ன பேசுவது" என்று தயங்காதீர்கள். கோலாலம்பூரின் புகழ்பெற்ற ஆண்கள் பள்ளியான விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் 1893இல் உருவானபோது அதற்குக் கொடை தந்து முன்னின்றவர்களில் ஒருவர் தம்புசாமிப் பிள்ளை. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு அதே விக்டோரியா இன்ஸ்டிடியூஷனுக்குப் போனவர்தான் பின்னாளில் நாட்டின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரான ஆனந்த கிருஷ்ணன். இந்தப் பள்ளிகள் எவரோ நமக்குப் போட்ட பிச்சை அல்ல. நம் முன்னோரின் பணமும் உழைப்பும் அந்தச் சுவர்களில் இருக்கின்றன.

ஆகவே அடுத்த முறை ரிப்போர்ட் கார்டு வாங்கப் போகும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. என் மகனுக்கு மலாய்மொழியிலும் வரலாற்றிலும் எந்த நிலை? மூன்றுக்குக் கீழே இருந்தால் பள்ளி என்ன செய்யப் போகிறது?

2. இந்த வருடம் எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை? எச்சரிக்கைக் கடிதம் ஏதும் அனுப்பினீர்களா?

3. இங்கே தமிழ் வகுப்பு உண்டா? இல்லையென்றால் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தொடங்குவீர்களா?

4. போன வருடம் இந்தப் பள்ளியிலிருந்து பாதியில் நின்ற நம் பையன்கள் எத்தனை பேர்?

நான்காவது கேள்விக்குப் பதில் வராது. பரவாயில்லை, கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலும் எழுந்து கேளுங்கள். ஒருவர் கேட்டால் முறைப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் குறித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ஆண்டும் கேட்டால், அந்த எண்ணிக்கையும் ஒரு நாள் பள்ளியின் ஆண்டறிக்கையில் வந்தே தீரும்.

மேடையில் நிற்கும் பையனும் நம் பிள்ளை, மதிலேறிக் குதித்து ஓடும் பையனும் நம் பிள்ளை. முதலாமவனுக்குக் கைதட்டுங்கள், இரண்டாமவனைத் தேடிப் போங்கள். நான் அவனை நீதிமன்றத்தில் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் அவனைப் பள்ளியில் பார்த்துவிட வேண்டும்.