நிலையங்களுக்கு இடையே நிற்கும் மலை

இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரம் எவ்வளவு, பறக்கும் நேரம் எவ்வளவு என்று வினவினால், இன்று பாடசாலைச் சிறுவனும் நொடிப்பொழுதில் விடையளிப்பான். தேசப்படத்தில் இரு புள்ளிகளை இணைத்து, அவ்வழியின் நீளத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் போதும். கணக்கிற் பிழையில்லை. ஆயினும், அவ்வழியின் கீழே நிலம் ஒன்றுண்டு என்பதை அக்கணக்கு உரைப்பதில்லை. டிக்கோயாவில் வாழும் பழைய மாணவராகிய நாம் இதனை எடுத்துரைத்தல் பொருத்தமேயாம்.

இந்தோனேசியாவின் சுரபாயாவுக்கும் நமது கட்டுநாயக்காவுக்கும் இடையே ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். ஜெற் விமானத்துக்கு ஐந்து மணிநேர அளவான பயணம். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி, மக்கா யாத்திரிகர் 182 பேருடனும் பணியாளர் ஒன்பதின்மருடனும், ஒல்லாந்து நாட்டு மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டி.சி. 8 விமானம் இவ்வழியே வந்தது. கட்டுநாயக்காவில் இறங்கிப் பின்னர் ஜித்தாவுக்குச் செல்ல வேண்டிய அவ்விமானம், இரவு பத்து மணிக்குமேல், நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அண்மையிலுள்ள ஏழு கன்னியர் மலையில், 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் மோதிற்று. 191 பேரில் ஒருவரேனும் பிழைத்திலர்.

காரணம் யாது? விமான நிலையத்தை அண்மிவிட்டதாக விமானிகள் கருதினர். மலைகளைக் கடந்துவிட்டோம் என்றும் நம்பினர். உண்மையில் 40 கடல் மைல், அஃதாவது 74 கிலோமீற்றர் எஞ்சியிருந்தது. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியும் வானிலை ராடரும் காட்டியவற்றைக் கொண்டு இடத்தை மதிப்பிட்டதில் நேர்ந்த தவறு இது. எஞ்சிய தூரம் முழுவழியில் நூற்றுக்கு இரண்டு பங்கினும் குறைவு; இறங்கும் வேகத்தில் பத்து நிமிடப் பறப்பு. கடலின் மேலாயின் அத்தவற்றைத் திருத்த அவகாசம் கிடைத்திருக்கலாம். இங்கோ மலை குறுக்கே நின்றது.

இது பழங்கதை, இன்று செய்மதிகள் இடங்காட்டுகின்றன, நிலம் நெருங்கினால் எச்சரிக்கும் கருவியும் வந்துவிட்டது என்பார் உளர். மறுக்கிலோம். ஆனால், அக்கருவி மலையை முன்கூட்டியே அறிவது எங்ஙனம்? உலகின் நிலப்பரப்பினது உயரமெல்லாம் அதனுட் பதிக்கப்பட்டிருப்பதனாலன்றோ! நிலத்தை அறிந்த பின்னரே கருவியும் காவலாயிற்று.

ஆதலின், ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். தூரம், வேகம், நேரம் என்னும் கணக்கைக் கற்பிக்கும்போது இவ்விமானத்தின் வழியையும் கற்பியுங்கள். சமவுயரக் கோடுகளைப் பரீட்சைக்காக மட்டும் வரையும் மாணவர், அக்கோடுகள் எதற்காக என்பதையும் உணர்வர். யாத்திரை புறப்பட்டு வந்து நம் மலையில் மாண்ட அயல்நாட்டார் எத்தனை பேர் என்பதையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவர்களை நினைவில் வைத்திருத்தல் இம்மலைகளில் வாழ்வோர்க்குரிய கடனாகும்.