அறுபது நிறைவும் ஆஸ்பத்திரிப் பயிற்சியும்

மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையேயுள்ள திருக்கடையூரில் மணக்கோலம் காணாத நாள் அரிது. ஆயின் ஆங்கு மணமக்களாய் அமர்வோர் இளையோரல்லர். அறுபது நிறைந்தோர், எண்பது கண்டோர். மார்க்கண்டேயனுக்காகக் காலனை உதைத்த தலமென்பது பற்றிச் சஷ்டியப்தபூர்த்தியும் சதாபிஷேகமும் செய்துகொள்ளத் தொலைவினின்றும் குடும்பங்கள் வருகின்றன. பேரப்பிள்ளைகள் புடைசூழ அம்முதியோர் கலச நீராடுவது கண்ணுக்கினிய காட்சியே.

நிற்க. அப்பெரியவர் மறுமாதம் நோயுற்று ஆஸ்பத்திரி செல்வாராயின், அவரை ஏற்பவர் முதுமையைக் கற்றவர்தாமா? குழந்தை பெரியவரின் சிற்றுருவன்று என்பதை வைத்தியக் கல்வி முன்னரே உணர்ந்து தனித்துறை கண்டது. கிழவரோ பல இடங்களில் நரைத்த வாலிபராகவே எண்ணப்படுகிறார். உண்மை அவ்வாறன்று. நிமோனியா கண்ட முதியவருக்குச் சுரமே இல்லாதிருக்கலாம்; மனக்குழப்பம் ஒன்றே அடையாளமாகலாம். மாரடைப்பு நெஞ்சுவலியின்றியும் வரும். ‘வயதாகிவிட்டது, அப்படித்தான்’ என்று தள்ளப்படும் மறதியின் பின்னே தைராய்டு குறைவோ, மூன்று வைத்தியர் தனித்தனியே எழுதிய பத்து மாத்திரைகளோ ஒளிந்திருத்தல் கூடும். இவற்றைக் கண்டறிய இரக்கம் மட்டும் போதாது; பயிற்சி வேண்டும்.

இங்கிலாந்தில் 1935 முதல் மார்ஜரி வாரன் அம்மையார் இதனைச் செயலிற் காட்டினார். தீராநோயாளரென்று படுக்கையில் விடப்பட்டிருந்த முதியோரை ஆராய்ந்து, நடக்கப் பழக்கி, பலரை வீட்டுக்கு அனுப்பினார். நம் நாட்டில், டாக்டர் வி. எஸ். நடராஜன் முயற்சியால் 1978-இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவு ஏற்பட்டது. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரி இத்துறையில் எம்.டி. வகுப்பையும் தொடங்கிற்று, இந்தியாவில் அதுவே முதல்.

ஆயினும் நிபுணர் சிலரைச் சென்னையில் வைத்துக்கொண்டு காவிரிக் கடைமடையின் முதியோரைக் காத்தல் இயலாது. 2011 குடிக்கணக்கிலேயே தமிழ்நாட்டாருள் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர். நாற்றுப் பறித்தும் நடவு நட்டும் முதுகு வளைந்த மூதாட்டி நிபுணரைக் காண்பதெங்கே? அவள் காண்பது கிராமச் செவிலியை. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரையுடன் வீடு தேடி வரும் பெண் தன்னார்வலரை. ‘அண்மையில் விழுந்தீர்களா? வேறு என்ன மாத்திரை உண்கிறீர்கள்? காது கேட்கிறதா? இரவில் கொல்லைக்குப் போகும் வழியில் விளக்குண்டா?’ என்று கேட்க அவர்கள் பழக்கப்படுவராயின், இடுப்பெலும்பு முறிவுகள் சிலவேனும் தவிரும்.

2019-இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் முதுமைக்கும் இடந்தந்தது மெய்யே. எமக்கு அது போதியதாகத் தோன்றவில்லை. வைத்திய மாணவரும், செவிலியரும், மருந்தாளரும் முதியோர் வார்டிலும் முதியோர் இல்லங்களிலும் சில வாரமேனும் நின்று பழகுதல் கட்டாயமாதல் வேண்டும். காலம் போதாதென்பர் சிலர். பிள்ளைப்பேற்றுக்குக் காலம் கண்டவர் இதற்கும் காணலாம். இங்கிருந்து அத்தொழில்களுக்குச் செல்லவிருக்கும் மாணவர் அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. இவ்விடுமுறையிலேயே தம் பாட்டியாரின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து, எது எதற்கு, எழுதியவர் எவர் என ஒரு தாளிற் குறித்து, அடுத்த முறை வைத்தியரிடம் காட்டலாம்.