நூலகச் சாளரம்: பெயர் சொல்லப்படாத இல்லாள்

பண்டைக் கிரேக்க வரலாற்றை மூலநூல்களின் வழியே அறிய விரும்பும் அன்பர்கள் முதலில் சென்றடைவது இரு பெரியோரிடம். ஒருவர் ஹெரடோட்டஸ், மற்றவர் துசிடிடீஸ். இருவரும் கி. மு. 5ஆம் நூற்றாண்டினர். இருவர் நூல்களையும் பெங்குவின் நிறுவனத்தார் 1954இல் எளிய ஆங்கிலத்தில் வெளியிட்டனர். எஸ். எஸ். எல். சி.யோடு ஆங்கிலக் கல்வியை முடித்துக்கொண்ட என் போன்றோரும் ஓர் அகராதியை அருகில் வைத்துக்கொண்டு அவற்றைப் படித்து முடிக்கலாம்.

ஹெரடோட்டஸின் நூலில் பெண்டிர் பலர் உலவுகின்றனர். அவர் பிறந்த ஊராகிய ஹாலிகர்னாஸஸின் அரசி ஆர்ட்டிமிஸியா, கி. மு. 480இல் நிகழ்ந்த சலாமிஸ் கடற்போரில் 5 கப்பல்களுடன் பாரசீக வேந்தன் பக்கம் நின்று போரிட்ட வரலாற்றை அவர் வியந்து விரித்துரைக்கிறார். துசிடிடீஸிடம் வந்தாலோ, பெண்களைத் தேடித்தான் காண வேண்டும். கி. மு. 431ஆம் ஆண்டுப் போரில் மாண்ட ஏதென்ஸ் வீரர்க்காகப் பெரிக்ளீஸ் ஆற்றிய இரங்கலுரை உலகப் புகழ் பெற்றது. அதன் இறுதியில் அவர் கைம்பெண்களுக்கும் ஓர் அறிவுரை கூறுகிறார். புகழ்ச்சியாயினும் இகழ்ச்சியாயினும் ஆடவர் வாயில் தன் பேச்சு எழாதபடி வாழ்வதே பெண்ணுக்குப் பெருமை என்பது அதன் கருத்து. கணவனைப் பறிகொடுத்து நிற்பவளுக்குச் சொல்லத்தக்க ஆறுதலா இது என்று எனக்குத் தோன்றியது.

இது வெறும் மேடைப் பேச்சன்று. ஏதென்ஸில் நடைமுறையும் அவ்வாறே இருந்தது. வழக்கு மன்றத்தில் பேசுவோர் உயிரோடிருக்கும் மதிப்புடைய பெண்ணின் பெயரைச் சொல்லமாட்டார்கள். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்றே குறிப்பார்கள். நம் பாட்டிமார் கணவன் பெயரை உச்சரிக்கமாட்டார்கள் அல்லவா? அங்கே ஆடவர் பெண்ணின் பெயரைச் சொல்லாது விட்டனர். நம் பாட்டனார் பெயர்களோ எல்லாப் பத்திரங்களிலும் இருக்கின்றன. அந்தப் பெண்களின் பெயர்கள் ஏட்டிலேயே ஏறாமற் போயின.

இதனை விளங்கக் காட்டும் நூல் ஒன்று உண்டு. சாக்ரடீஸின் மாணவராகிய ஸெனபன் இல்லற நிர்வாகத்தைப் பற்றி ஓர் உரையாடல் எழுதியிருக்கிறார். இஸ்கோமாகஸ் என்னும் செல்வர், தம் இளம் மனைவியைத் தாம் பழக்கிய முறையைச் சாக்ரடீஸுக்கு அதில் எடுத்துரைக்கிறார். அவள் அவர் வீட்டிற்கு வந்தபோது 15 வயது நிரம்பவில்லை. கூடியவரை எதையும் காணாமலும் கேளாமலும் வினவாமலும் வளர்க்கப்பட்டவள். கம்பளி ஆடை நெய்யத் தெரியும், அடக்கமாக இருக்க வேண்டும் என்று தாய் சொல்லி அனுப்பியிருக்கிறாள், அவ்வளவே. கணவர் அவளைத் தேன்கூட்டின் அரசியீக்கு ஒப்பிடுகிறார். பினீஷியக் கப்பல் ஒன்றில் ஒவ்வொரு பொருளும் தனக்குரிய இடத்தில் அடுக்கப்பட்டிருந்ததையும், புயல் வேளையிலும் தேடாமல் எடுக்க வேண்டும் என்பதற்காக மாலுமி ஒருவன் அவற்றைச் சரிபார்த்து நின்றதையும் சொல்லி, வீட்டுப் பாத்திரங்களையும் அவ்வாறு வைக்கக் கற்பிக்கிறார். பார்சல் கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு இப்பகுதி மிகவும் சுவைத்தது. ஒருநாள் அவள் முகத்தில் வெள்ளையும் செம்மையும் பூசி, உயர்ந்த காலணி அணிந்து வந்தாளாம். அதற்கும் அறிவுரைதான்: மாவு பிசைந்தால், துணிகளை உதறி மடித்தால் இயற்கை நிறம் தானே வரும்!

அவளும் ஓரிரு இடங்களில் நன்றாகவே விடையளிக்கிறாள். நோயுற்ற பணியாளரைப் பேணுவது உன் கடமை என்று கணவர் சற்றுத் தயங்கிச் சொல்ல, அவர்கள் நன்றியோடு இருப்பார்களாயின் அதுவே எனக்கு இனிய பணி என்கிறாள். ஆயினும் நூல் முழுவதிலும் அவள் பெயர் இல்லை.

அந்தப் பெயர் வேறோர் இடத்தில் கிடைக்கிறது என்பது அறிஞர் சிலர் கருத்து. சுமார் கி. மு. 400இல் ஆண்டொசிடீஸ் என்பவர் வழக்கு மன்றத்தில் பேசிய உரையில், தம் பகைவன் கல்லியாஸின் குடும்ப நடத்தையைத் தூற்றுகிறார். கல்லியாஸ், இஸ்கோமாகஸ் என்பவரின் மகளை மணந்தானாம். ஓராண்டு முடிவதற்குள் அவளுடைய தாயையும் தன்னோடு வைத்துக்கொண்டானாம். மகள் தூக்கிட்டு உயிர்விட முயன்று, தடுக்கப்பட்டு, பின் வீட்டைவிட்டே ஓடிப் போனாளாம். பின்னர்த் தாயையும் அவன் துரத்தினான். அவள் கருவுற்றிருந்ததை மறுத்தான். ஆண்டுகள் கழித்து அவளை ஏற்று, மகனையும் தன் மகன் என்று ஒப்புக்கொண்டான். அந்தத் தாயின் பெயர் கிரிஸில்லா. இவர் அந்த இஸ்கோமாகஸே என்றால், ஸெனபனின் தேனீயரசியே இந்தக் கிரிஸில்லா. பேசியவன் பகைவன் ஆதலின் அவன் சொன்ன அனைத்தையும் நம்ப வேண்டுவதில்லை. நான் குறிப்பிட விரும்புவது வேறு. சிறந்த இல்லாளாக இருந்தவரை அவளுக்குப் பெயர் இல்லை. இழித்துரைக்க நேர்ந்தபோது பெயர் வந்துவிட்டது. தூக்குக் கயிற்றை நாடிய அந்த மகளுக்கோ அங்கும் பெயர் இல்லை.

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்து ஆராய விழைவோர்க்குச் சாரா பொமராய் அம்மையார் 1975இல் எழுதிய நூல் உதவும். 'தெய்வமகளிர், விலைமகளிர், மனைவியர், அடிமைகள்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். தலைப்பைக் கண்டு அஞ்ச வேண்டா. வீட்டில் வைத்துப் படிக்கத் தகுந்த, நிதானமான ஆராய்ச்சி நூலே அது.

ஆனால் பெண்கள் தாமே பேசுவதைக் கேட்க வேண்டுமானால் ஏதென்ஸை விட்டு எகிப்துக்குச் செல்ல வேண்டும். கி. மு. 332இல் அலெக்சாந்தர் எகிப்தைக் கைப்பற்றிய பின், கிரேக்கர் பல்லாயிரவர் அங்கே குடியேறினர். பல நூற்றாண்டுகள் கிரேக்கமே அங்கு அலுவல் மொழியாக இருந்தது. அந்நாட்டு வறண்ட மணல், பாப்பிரஸ் தாள்களை மட்காமல் காத்துத் தந்துள்ளது. அவற்றுள் பெண்கள் விடுத்த கடிதங்களைத் தொகுத்து, பாக்னல், கிரிபியோரே ஆகிய இருவர் 2006இல் ஒரு நூல் வெளியிட்டனர். பல கடிதங்கள் எழுத்தரைக் கொண்டு எழுதுவிக்கப்பட்டவை. சிலவற்றின் இறுதியில் மட்டும் வேறொரு கையெழுத்து, தட்டுத் தடுமாறி, நலமாக இரு என்று வாழ்த்துகிறது.

இவ்வகைக் கடிதங்களுள் பலரும் அறிந்த ஒன்று கி. மு. 168இல் இஸியாஸ் என்பவள் தன் கணவன் ஹெபீஸ்டியனுக்கு விடுத்தது. கணவனைச் 'சகோதரன்' என்று விளிப்பது அந்நாட்டு வழக்கம். நம் செவிக்கு இடறினும் பொறுத்துக்கொள்ளவேண்டும். அவன் மெம்பிஸ் நகரத்துச் செராப்பிஸ் கோயிலில் அடைபட்டுத் தங்கிவிட்டான். நீ நலம் என்றறிந்து தெய்வங்களுக்கு நன்றி செலுத்தினேன் என்று தொடங்குகிறாள். உடன் இருந்தோர் எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்கள், நீ மட்டும் வரவில்லை என்கிறாள். தானிய விலையேற்றத்தில் குழந்தையையும் தன்னையும் காப்பாற்றத் தான் பட்ட பாட்டைச் சொல்கிறாள். நீ இங்கிருந்தபோதே எனக்குப் பற்றாக்குறை, இத்தனை காலத்தில் நீ அனுப்பியதோ ஒன்றுமில்லை என்கிறாள். உன் தாயும் வருந்துகிறாள், வேறு அவசரம் இல்லையென்றால் வந்து சேர் என்று முடிக்கிறாள். பெரிக்ளீஸ் காலத்து ஏதென்ஸில் எந்த மனைவியின் குரலும் இவ்வாறு நமக்கு எட்டவில்லை.

மற்றொன்று ஆண் எழுதியது. ஹிலாரியன் என்னும் தொழிலாளி, ஊரில் இருக்கும் மனைவி ஆலிஸுக்குக் கி. மு. 1இல் அலெக்சாந்திரியாவிலிருந்து எழுதினான். ஆக்ஸிரிங்கஸ் என்னும் ஊரின் பழங்குப்பை மேட்டில் தோண்டியெடுக்கப்பட்டு 1904இல் அச்சேறிய கடிதம் அது. மற்றவர்கள் திரும்பி நான் இங்கேயே தங்க நேர்ந்தாலும் கவலைப்படாதே. சிறு குழந்தையைப் பார்த்துக்கொள். கூலி கைக்கு வந்தவுடன் அனுப்புகிறேன். இவ்வளவும் வெளியூரில் உழைக்கும் எவரும் எழுதக்கூடியவையே. இடையில் ஒரு வரி: நீ பெறுவது ஆணாயின் வைத்துக்கொள், பெண்ணாயின் வெளியே போட்டுவிடு. அதை அடுத்தே, என்னை மறந்துவிடாதே என்று சொல்லி அனுப்பினாயாமே, உன்னை எப்படி மறப்பேன் என்று குழைகிறான். அக்காலக் கிரேக்கரிடையே பிறந்த குழவியை ஏற்பதும் விடுப்பதும் தந்தையின் உரிமையாக இருந்தது. அதனால் அவன் கை நடுங்கவில்லை போலும். கொடியவன் ஒருவன் எழுதியிருந்தால் எளிதாக வெறுத்துவிடலாம். அன்புடையவனே எழுதியதுதான் என்னை உறங்கவிடவில்லை.

இக்கடிதத்தைத் தமிழில் சொல்லி வீட்டாருக்குப் படித்துக் காட்டினேன். என் தாயார், அவளுக்கு என்ன குழந்தை பிறந்தது என்று கேட்டார். ஆலிஸ் எழுதிய விடை எதுவும் கிடைக்கவில்லை என்றேன்.

ஸ்பார்ட்டா நகரத்துப் பெண்டிரின் நிலை இவர்களினும் பலவகையில் வேறானது. அவர்களைப் பற்றிப் பொமராய் அம்மையார் 2002இல் எழுதிய தனி நூலை அடுத்த திங்களில் காண்போம்.