சொந்த ஊர் எதுங்க?



திருப்பூரில் இருவர் முதன்முறையாகச் சந்தித்தால், பெயரைக் கேட்பதற்கு முன்பே "சொந்த ஊர் எதுங்க?" என்று கேட்டுக்கொள்வார்கள். "திருப்பூர்தாங்க" என்று விடை வந்தால் கேட்டவர் நம்பமாட்டார். "அது சரிங்க, அதுக்கு முன்னாடி?" என்பார். ஓவர்லாக் டெய்லர் தேனிக்காரர், கட்டிங் மாஸ்டர் மதுரைக்காரர், செக்கிங் பார்க்கும் பெண்மணி ஒடிசாவிலிருந்து வந்தவர், டீக்கடைக்காரரோ பாலக்காடு. பரோட்டா தெற்கிலிருந்து வந்தது, பானிபூரி வடக்கிலிருந்து வந்தது. மண்ணின் உணவென்று உறுதியாகச் சொல்லத்தக்கது அரிசியும் பருப்பும் சேர்த்துச் சமைக்கும் சாதந்தான். அதை உண்ண வேண்டுமானால் ஓட்டலை நம்பிப் பயனில்லை. கொங்கு வீடொன்றில் விருந்தாளியாகப் போக வேண்டும்.

நம் ஊர்க் கிரிக்கெட் அணியும் இப்படி வந்ததுதான். தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-இல் தொடங்கியபோது அதன் பெயர் காரைக்குடிக் காளை. பின்னர் அது ஊர் மாறித் 'திருப்பூர் தமிழன்ஸ்' ஆயிற்று. செட்டிநாட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் பஸ் ஏறி வந்தவர் நான்கே ஆண்டுகளில் சொந்தமாகக் கம்பெனி வைத்ததைப் போல, 2025 ஜூலை 6-ஆம் நாள் திண்டுக்கல் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 118 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்று கோப்பையைத் தட்டிச் சென்றது. அவ்வாண்டின் ஆட்டங்கள் கோவை, சேலம், நெல்லை, திண்டுக்கல் ஆகிய ஊர்களில் நடந்தன. திருப்பூரில் ஒன்றுகூட இல்லை! இருந்தும் மறுநாள் டீக்கடையில், "நம்ம ஊரு ஜெயிச்சுருச்சுங்க" என்று மார்தட்டினார் ஒரு நண்பர். அவருக்குச் சொந்த ஊர் திண்டுக்கல்.

நகராமலே திருப்பூர்க்காரர் ஆனவர்களும் உண்டு. நகைச்சுவை நடிகர் கவுண்டமணி பிறந்த வல்லகுண்டாபுரம் உடுமலைக்கு அருகே உள்ளது. அன்று அது கோவை மாவட்டம். 2009-இல் திருப்பூர் மாவட்டம் அமைந்தபோது உடுமலையும் இங்கே சேர்ந்தது. திரைப்படத்தில் எனக்கு நாட்டமில்லை என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆயினும் அவருடைய பேச்சுநடை மட்டும் மதரஸா மதிலைத் தாண்டி எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. பிள்ளைகள் சண்டையிடும் வேளையில் காதில் விழும்.

அப்படியொரு சண்டையில்தான் வேறொரு சொல்லும் காதில் விழுந்தது. "ஹஜ்ரத், இந்த வடக்கன் என் இடத்துல உக்காந்துட்டான்!" 'வடக்கன்' என்று சுட்டப்பட்டவனுக்கு ஏழு வயது; அவன் தந்தை பீகாரிலிருந்து வந்து பவர் டேபிளில் அமர்ந்திருப்பவர். புகார் கூறியவனிடம், "உன் அத்தாவுக்கு எந்த ஊர்?" என்றேன். "உத்தமபாளையம்" என்றான். "நீ எந்த ஊர்?" "திருப்பூர்!" "அப்படியானால் இவன்?" அவன் சற்று யோசித்து, "இவனும் கொஞ்சம் திருப்பூர்தான் ஹஜ்ரத்" என்று இறங்கி வந்தான்.

பெரியவர்கள் அவ்வளவு எளிதாக இறங்கி வருவதில்லை. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவியது நினைவிருக்கலாம். பீகார் அரசின் அதிகாரிகள் திருப்பூர்வரை வந்து விசாரித்தார்கள். காவல்துறையினர் இந்தியில் விளக்கம் தந்தார்கள். ஹோலிக்கு ஊர் செல்வோரும் அஞ்சிச் செல்வோரும் இரயிலடியில் ஒன்றாகவே நின்றார்கள். யார் எதற்குப் போகிறார் என்று பிரித்தறிய இயலவில்லை. பொய்யைப் பரப்பியது யாரோவாக இருக்கலாம். அது அவ்வளவு விரைவில் நம்பப்பட்டதற்கு, நாம் அன்றாடம் வாய்கூசாமல் சொல்லும் அந்த ஒற்றைச் சொல்லும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இந்தியாவில் பின்னலாடைத் தொழில் முதலில் வேர்விட்டது கல்கத்தாவில். விடுதலைக்கு முன்பே அத்தொழிலைத் திருப்பூரில் தொடங்கிவைத்த முன்னோடியாகக் குறிப்பிடப்படுபவர் குலாம் காதர். வங்காளத்தில் வேர்விட்ட தொழில் இங்கே தழைத்தது. இன்று வங்காளத்துப் பிள்ளைகள் அதைத் தேடி இங்கே வருகிறார்கள். கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோமே!

ஜும்ஆவில் எங்கள் ஸஃப்புகளில் நிற்பவர்களுள் கணிசமானோர் இந்தச் சகோதரர்கள். ரமளானில் நம் நோன்புக் கஞ்சியை முதன்முதலாகக் கண்டபோது அவர்கள் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. பழமும் கொண்டைக்கடலையும் பக்கோடாவுமாக நோன்பு திறந்து பழகியவர்கள் முன்னே, அரிசியும் பூண்டும் வெந்தயமுமாக ஒரு கிண்ணம்! "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று அக்கறையோடு விசாரித்தார் ஒருவர்.

மூன்றாம் ஆண்டு அதே மனிதர் அஸருக்கே தூக்குவாளியோடு வரிசையில் நின்றார். நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் இப்போது கொண்டைக்கடலைச் சட்டி ஒன்றும் இருக்கிறது. அதை முதலில் காலி செய்கிறவர்கள் யார் என்று கேட்காதீர்கள். எங்கள் ஜமாஅத்தின் மானம் போய்விடும்.